கடைசல் உளிக்கு ஒரு சாணைத் தாங்கி

கேள்வி: மரக் கடைசல் பழகுகிறேன். உளியைச் சாணைக்கல்லில் வைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாய்வு வருகிறது. உளியை ஒரே சாய்வில் பிடித்துக்கொள்ளும் தாங்கியான ஜிக் வாங்க வசதியில்லை. நானே செய்ய முடியுமா?
வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக. சாணைக்கல் சுற்றும் கிரைண்டரைக் கனமான பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கல்லுக்கு நேர் கீழே, ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய் முன்னும் பின்னும் நகர்ந்து, திருகினால் அசையாமல் நிற்கும்படி வழி செய்யுங்கள். குழாயின் வெளிநுனியில் 'வி' வடிவப் பள்ளம் வேண்டும். உளியின் கைப்பிடி நுனி அதில் உட்காரும், முனை கல்லில் படும். அவ்வளவுதான் ஜிக்!

சாய்வைப் பிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. உளியின் சாய்வுப் பரப்பில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். மோட்டாரைப் போடாமல், கல்லைக் கையால் சுற்றுங்கள். வெட்டுமுனைப் பக்கம் மட்டும் மை அழிந்தால் குழாயை உள்ளே தள்ளுங்கள். வெட்டுமுனைக்கு எதிர்ப்பக்கம் மட்டும் அழிந்தால் வெளியே இழுங்கள். முழுப் பரப்பிலும் சீராக அழிந்தால் சரி. அப்போது கல்லுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஒரு மரக்கட்டை அறுத்து, உளியின் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த முறை அளவே பார்க்க வேண்டாம்.

உருட்டுக் கட்டையை முதலில் கடையும் அகல உளிக்கு 45 டிகிரி நன்றாக வரும். கிண்ணம் குடையும் உளிக்கு மட்டும் இது போதாது. உளி பக்கவாட்டில் ஆட, கால் வைத்த தனிப் பிடி வேண்டும்.

அப்புறம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கல் முன்னால் நிற்காதீர்கள்.