வெயில் அதிகமானால் பல்லி முட்டைக்குள் இருக்கும் கருவுக்கு என்ன ஆகும்?

கரு வெப்ப அழுத்தத்துக்கு ஆளாகும். வெப்ப அழுத்தம் என்றால் கரு தாங்கக்கூடிய அளவைத் தாண்டிய சூடு, அவ்வளவுதான். மண் எவ்வளவு சுடுகிறதோ முட்டையும் அவ்வளவு சுடும். சூடு ஏற ஏற வளர்ச்சி வேகமாகும், ஆக்சிஜன் தேவையும் எகிறும், ஆனால் முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் காற்று அதே அளவுக்குக் கூடாது. அங்கேதான் கரு திணறுகிறது. அடுப்பைக் கூட்டி வைத்தால் சாதம் சீக்கிரம் கொதிக்கும், அடியும் பிடிக்கும் இல்லையா, அதுபோல.

ஆஸ்திரேலியாவின் தாடி டிராகன் என்ற ஓணான் வகையில் இன்னொரு ஆச்சரியம்: சுமார் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான முட்டைகளில், ஆண் குரோமோசோம் உள்ள கருக்கள்கூட பெண்ணாக மாறி, வளர்ந்தபின் முட்டையும் இடுகின்றன. இயற்கையிலேயே இது நடப்பது 2015-ல் தெரியவந்தது.

அதற்காக, சூடு பட்டால் எல்லாப் பல்லியும் பெண்ணாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பல இனங்களில் பாலினத்தைக் குரோமோசோம்களே முடிவு செய்கின்றன.