முதியோருக்கா, பள்ளிக்கூடத்துக்கா?

வணக்கம்.
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பிரட்டுக்களத்தில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். படித்த பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள். வயசானவர்கள் பெருகும் இடத்தில் படிப்புக்குக் கொட்டும் காசை முதியோருக்கே கொடுத்தால் என்ன?
- ஒரு வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கவலை நியாயமானது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 12 பேருக்கு மேல்.

கொழுந்து எடுப்பதில் கைகளின் எண்ணிக்கைதான் கணக்கு. நாலு பேர் குறைந்தால் நாலு கூடை குறையும். அதனால்தான் இளசுகள் குறைந்தால் எல்லாம் முடிந்தது என்று நமக்குப் படுகிறது. ஆனால் வொல்ஃப்காங் லூட்ஸ் உள்ளிட்ட மூன்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் 2014-ல் பல நாடுகளின் கணக்கை வைத்துப் பார்த்தார்கள். உழைக்கும் வயதினர் பெருகியதால் வந்த வளர்ச்சி என்று சொல்லப்பட்டதில் பெரும்பங்கு, படிப்பு உயர்ந்ததால் வந்தது என்றார்கள்.

என் வீட்டிலேயே இதைப் பார்த்தேன். 1945-ல் வந்த இலவசக் கல்வி தோட்டத்துக்குள் ஏறவில்லை. அம்மா மூன்றாம் வகுப்போடு கூடையைத் தூக்கினார். 50 வயதில் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்க, படிவம் நிரப்பித் தந்தவருக்கும் காசு கொடுத்தார். வந்த பணம் கூரைத் தகரத்துக்குப் போனது. ஆறே மாதத்தில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மறுபடி அன்றாடக் கைக்காசுக்கு மலை ஏறினார். முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் நின்றார்.

சித்தி அம்மாவுக்குப் பத்து வயது இளையவர். எழுபதுகளில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பெடுக்கத் தொடங்கிய காலத்தில் படித்தார். சாதாரண தரப் பரீட்சை முடித்து ஆசிரியையானார். 60 வயதில் ஓய்வூதியத்தோடு வந்தவர் இன்றும் பின்னேரம் கணித வகுப்பு எடுக்கிறார். அம்மாவின் முழங்கால் மாத்திரைக்குக் காசு கொடுப்பதும் அவர்தான். மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, காலையில் எது, இரவில் எது என்று வாசித்துச் சொல்வதும் அவர்தான்.

அப்புறம், கொழும்புக்குப் போகிறவர்கள். பாதியில் படிப்பை விட்டுக் கடையில் நிற்கும் பையனால் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும்? தாதியாகவோ தொழில்நுட்பவியலாளராகவோ போனால் கதை வேறு. ஆனால் உயர்தரத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்புகளில், விஞ்ஞானம் படிக்க நம் பிள்ளைகள் பலர் இன்னும் விடியற்காலையில் தூரத்துப் பள்ளிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். முதியோருக்கான காசில் கை வைக்கச் சொல்லவில்லை. நாளைக்கு அந்தக் காசை உழைத்துத் தரப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

உங்கள் தோட்டத்திலிருந்து இந்த வருடம் எத்தனை பேர் விஞ்ஞானப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்