பவர்பாயின்ட் ஸ்லைடில் அனிமேஷன்: அளவாகப் போடுவது எப்படி?

கேள்வி: பாயின்ட்டுகளுக்கெல்லாம் ஃப்ளை இன் போட்டேன். பார்த்தவர்கள் தலை சுற்றுகிறது என்கிறார்கள். வேறு எதைப் போடலாம்?

பதில்: ஃப்ளை இன்னில் எழுத்து ஓரத்திலிருந்து ஓடி வரும், கண்ணும் கூடவே ஓடும், நின்ற பிறகுதான் படிக்க முடியும். ஃபேட் போடுங்கள், 0.3 முதல் 0.5 விநாடி. எழுத்து இருந்த இடத்திலேயே தெளியும். துள்ளிக் குதிக்கும் பவுன்ஸ், சுழன்று வரும் ஸ்விவல் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு பாயின்ட்டையும் நின்று விளக்கப்போவதில்லை என்றால் எல்லாம் சேர்ந்தே வரட்டும்.

கேள்வி: மூன்று ஆண்டு விற்பனைக்கு பார் சார்ட் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டாகக் காட்ட முடியுமா?

பதில்: முடியும். அனிமேஷன் நன்றாகப் பயன்படுகிற இடமே இதுதான். சார்ட்டுக்கு வைப் (ஒரு பக்கத்திலிருந்து சிறிது சிறிதாகத் தெரியவைக்கும் அனிமேஷன்) கொடுத்து, எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் ஃப்ரம் பாட்டம் தேர்ந்தெடுங்கள். பார்கள் அடியிலிருந்து வளரும். லைன் சார்ட் என்றால் ஃப்ரம் லெஃப்ட். அதே எஃபெக்ட் ஆப்ஷன்ஸில், ஆண்டுகள் கீழ் அச்சில் இருந்தால் பை கேட்டகரி, ஆண்டுக்கொரு நிறம் என்றால் பை சீரீஸ். இதை மாற்றிப் போட்டால் ஆண்டுகள் கலந்து வரும்.

இன்னொன்று: முதல் கிளிக்கில் வெறும் அச்சுகள்தான் வரும். பழுதென்று நினைக்க வேண்டாம். அளவுகோலை விளக்க அந்த இடைவெளி உதவும். வேண்டாமென்றால் அனிமேஷன் பேனில் (அனிமேஷன்களைப் பட்டியலிடும் பலகை) சார்ட்டின் வரியை இரட்டைக் கிளிக் செய்து, சார்ட் அனிமேஷன் பகுதியில் சார்ட் பின்னணிக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். அச்சுகள் முதலிலேயே நிற்கும்.

கேள்வி: அம்புக்குறியும் அதன் விளக்கமும் ஒரே கிளிக்கில் வர வேண்டும்.

பதில்: இரண்டாவதை வித் ப்ரீவியஸ் ஆக்குங்கள், முந்தையதோடு சேர்ந்தே வரும். முந்தையது முடிந்ததும் தானாக ஓடும் ஆஃப்டர் ப்ரீவியஸைச் சங்கிலியாகக் கோக்காதீர்கள். நடுவில் யாராவது சந்தேகம் கேட்டு நீங்கள் நின்றால், ஸ்லைடு நிற்காது.

கேள்வி: மார்ஃப் போட்டும் படம் நகரவில்லை, மங்கித்தான் மாறுகிறது.

பதில்: மார்ஃப் என்பது ஒரு ஸ்லைடில் இருந்த பொருளை அடுத்த ஸ்லைடில் உள்ள இடத்துக்கு நகர்த்திக் காட்டும் ட்ரான்சிஷன். அதை இரண்டாவது ஸ்லைடில் போட வேண்டும். முதல் ஸ்லைடை டூப்ளிகேட் செய்து, அந்த நகலில் படத்தை நகர்த்துங்கள். அப்படியும் சேராவிட்டால் ஆல்ட்+எஃப்10 அழுத்தி, செலக்‌ஷன் பேனில் (ஸ்லைடில் உள்ள பொருள்களின் பட்டியல்) இரண்டு ஸ்லைடிலும் உள்ள படத்துக்கு ஒரே பெயர் வையுங்கள், முன்னால் இரண்டு ஆச்சரியக்குறியோடு: !!படம். மார்ஃப் வசதி இல்லாத பழைய பவர்பாயின்ட் பதிப்பில் அது வெறும் ஃபேடாகத்தான் தெரியும்.

கேள்வி: பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன.

பதில்: பிடிஎஃப்பில் அனிமேஷன் இல்லை, மறைய வேண்டியவையும் சேர்ந்தே விழும். ஒன்று மறைந்து அதே இடத்தில் இன்னொன்று வரும் ஸ்லைடுகளை மட்டும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.