பழைய பாயின்ட் அண்ட் ஷூட் ஃபிலிம் கேமராவை இன்று வாங்கிப் பயன்படுத்தலாமா?

வாங்கலாம். ஆனால் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். இந்தக் கேமராக்கள் நமக்காகப் பல முடிவுகளைத் தாமே எடுத்துக்கொள்பவை. அந்த முடிவு எங்கே தவறும், தவறும்போது நம் கை உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் தேடி அலைவது 1997இல் வந்த ஒலிம்பஸ் மியூ 2. அதன் 35 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் அருமையானதுதான் (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் கூடுதல் வெளிச்சம் விடும்). ஆனால் ஃபிலிம் டப்பாவின் மேலுள்ள கட்டங்களைப் படித்து ஐஎஸ்ஓவை, அதாவது ஃபிலிம் எவ்வளவு விரைவாக வெளிச்சத்தை உணரும் என்ற எண்ணை, அதுவே முடிவு செய்துகொள்கிறது; நம்மால் மாற்ற இயலாது. மூடித் திறந்தால் ஃபிளாஷும் மீண்டும் தானியங்கி நிலைக்கே போய்விடும். உள்ளே மின்சுற்று பழுதானால் சரிசெய்வது மிகக் கடினம் என்பதால், இன்று கேட்கப்படும் விலைக்கு அது தகுதியானதென்று நான் கருதவில்லை.

நான் சில ஆண்டுகளாக வைத்திருப்பது அதே நிறுவனத்தின் எக்ஸ்ஏ 2. யோஷிஹிசா மைதானி வடிவமைத்த எக்ஸ்ஏவின் எளிய தம்பி என்று சொல்லலாம். 1980இல் வந்தது, எஃப் 3.5 லென்ஸ். இதில் தானியங்கி ஃபோகஸ் கிடையாது. ஒரு தலை, ஒரு குழு, ஒரு மலை என மூன்று படங்கள் பொறித்த சிறு நெம்புகோல் மட்டுமே உண்டு. முன்மூடியைச் சாத்தினால் அது தானாகவே நடுவிலுள்ள குழுவுக்குத் திரும்பிவிடும். இது தெரியாமல், திண்ணையில் அமர்ந்திருந்த என் பாட்டியை மிக நெருங்கி ஐந்தாறு படங்கள் எடுத்தேன். ரோலைக் கழுவி வாங்கிப் பார்த்தபோது பின்சுவரின் சுண்ணாம்பு வெடிப்புகள் துல்லியமாகவும் பாட்டியின் முகம் பனி மூடியது போலவும் இருந்தன. அன்றிலிருந்து மூடியைத் திறந்ததும் விரல் முதலில் நெம்புகோலைத்தான் தேடுகிறது.

வெளிச்ச அளவீட்டையும் இதில் ஏமாற்றலாம். ஒருவர் சன்னலுக்கு முன் நின்றால், பின்னாலுள்ள வெளிச்சத்தை நம்பி கேமரா அவரைக் கருப்பாக்கிவிடும். அப்போது 400 ஃபிலிம் போட்டிருந்தாலும் ஐஎஸ்ஓவை 200க்கோ 100க்கோ இறக்கிவிட்டு எடுத்தால், கேமரா கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும்; முகம் தெளிவாக வரும். எடுத்ததும் மறவாமல் 400க்குத் திருப்ப வேண்டும். கலர் நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைவான வெளிச்சத்தை அந்த அளவுக்குப் பொறுக்காது என்பதால், ஐயம் வந்தால் வெளிச்சம் கூடும் பக்கமே சாய்ந்துவிடுகிறேன்.

வாங்கும்போது பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இதன் ஷட்டர் மின்னணு முறையில் இயங்குவது என்பதால் பேட்டரி இன்றி இயங்காது; இரண்டு எஸ்ஆர் 44 பொத்தான் பேட்டரிகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். எல்ஆர் 44 உம் பொருந்தும், ஆனால் எஸ்ஆர் 44 கடைசிவரை மின்னழுத்தத்தைச் சீராகத் தரும். பிறகு பின்கதவைத் திறந்து, வெயிலை நோக்கி ஒருமுறையும் இருட்டை நோக்கி ஒருமுறையும் ஷட்டரை அழுத்துங்கள். முன்னது சட்டென்றும் பின்னது நெடுநேரம் கழித்தும் மூட வேண்டும். கதவோரக் கருப்புப் பஞ்சு விரலில் தார் போல ஒட்டினால், அதை மாற்றாமல் எடுக்கும் படங்களில் செம்மஞ்சள் கோடுகள் விழக்கூடும்.

ரோல் போட்டபின் ஃபிலிமைச் சுற்றும்போது, ரிவைண்ட் கைப்பிடியும் சேர்ந்து சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை. நான் அப்படி ஃபிலிம் நகராமலேயே 36 படங்களை எடுத்து முடித்தவன்.