வாசகர் கேள்வி – பதில்: உப்புநீரில் அடங்கும் அலை

கேள்வி: ஐயா, வணக்கம். பாம்பனில் கடல்தொழில் செய்கிறேன். எதனோடும் அரிதாகவே மோதும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை மத்தியதரைக் கடலடியில் பிடித்ததாகவும், அதையே அண்டார்டிகா பனியில் ரேடியோ ஆன்டெனா வைத்துத் தேடுவதாகவும் படித்தேன். அந்த ஆன்டெனாவை நம் பாக் விரிகுடாவிலோ மன்னார் வளைகுடாவிலோ இறக்கித் தேட முடியாதா?
– மீனவ வாசகர், பாம்பன்

பதில்: படகிலுள்ள வயர்லெஸ் கருவியின் ஆன்டெனா தண்ணீருக்குள் மூழ்கினால் கரையோடு பேச முடியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அதே தடைதான். கடலில் கரைந்த உப்பு, மின்னூட்டமுள்ள அயனிகளாகப் பிரிந்து நிற்பதால் நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. அப்படிக் கடத்தும் பொருள் ரேடியோ அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடும். இந்தத் தேடலுக்கு வேண்டிய சில நூறு மெகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் ஒரு சாண் போவதற்குள் அடங்கிவிடும். தென்துருவத்தின் குளிர்ந்த பனியிலோ அது ஒரு கிலோமீட்டர் அளவுக்குச் செல்லும்.

ஆனால் உப்பின்மீது பழிபோட வேண்டாம்; அது கரைந்திருப்பதுதான் தடை. வாலிநோக்கத்து உப்பளப் பாத்தியில் நிற்கும் நீர் ரேடியோ அலையை விடாது. ஈரமே இல்லாத தூய பாறை உப்பு விடும். ஆகவே, அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி நிலத்தடியில் புதைந்திருக்கும் உப்புக் குன்றுகளில் துளையிட்டு ஆன்டெனா இறக்கலாம் என்றுகூட ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள்.

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. பிறகு ரேடியோ அலை எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும். மிகுந்த ஆற்றலுடைய நியூட்ரினோ அரிதாக ஓர் அணுக்கருவில் மோதும்போது துகள்கள் கொத்தாகச் சிதறி ஓடுகின்றன. அவை வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொண்டு போவதாலும், எலக்ட்ரானுக்கு நேர்மின்னூட்ட இணையான பாசிட்ரான்கள் அழிந்துபோவதாலும், அந்தக் கொத்தில் எதிர்மின்னூட்டம் ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுந்துவிடுகிறது. கொத்தின் அகலம் சில அங்குலமே. ரேடியோ அலைநீளம் அதைவிடப் பெரியது. எனவே ஒவ்வொரு எலக்ட்ரானின் அலையும், வலை இழுப்பவர்கள் ஒரே மூச்சில் இழுப்பதுபோல, ஒன்றோடொன்று இசைந்து கூடுகிறது. எலக்ட்ரான்கள் பத்து மடங்கானால் அலையின் திறன் நூறு மடங்காகும். சோவியத் அறிவியலாளர் குர்கென் அஸ்கார்யன் 1962-இல் கணித்துச் சொன்ன இவ்விளைவு 2000-இல் அமெரிக்காவின் ஸ்லாக் துகள்முடுக்கி ஆய்வகத்தில் மணலை வைத்து மெய்ப்பிக்கப்பட்டது. தாளில் எழுதிய கணிப்பு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்து உறுதியானதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது.

மத்தியதரைக் கடலில் நடந்தது வேறு முறை. சிசிலித் தீவுக்கு அப்பால் சுமார் 3,450 மீட்டர் ஆழத்தில் உள்ள கேஎம்3நெட் கருவி, சிதறும் துகள்கள் நீரில் பாயும்போது எழும் நீல ஒளியைப் பார்க்கிறது, ரேடியோ அலையை அன்று. 2023 பிப்ரவரி 13 அன்று அது பதிவுசெய்த நிகழ்வுக்குக் காரணமான நியூட்ரினோவின் ஆற்றல் சுமார் 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; பெட்டா என்றால் ஆயிரம் லட்சம் கோடி மடங்கு) என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒளியைப் பார்க்கும் இம்முறைக்கு இருளும் ஆழமும் தெளிவும் வேண்டும். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமோ 10 மீட்டரைக்கூட எட்டாது. மன்னார் வளைகுடாவின் தென்பகுதியில் ஆழம் உண்டு. அங்கும் ஒளியுணரிகளைத்தான் இறக்க வேண்டும், ஆன்டெனாவை அன்று.

கேள்வி: ரேடியோ முறையில் இதுவரை ஒரு நியூட்ரினோவாவது பிடிபட்டதா? கடலுக்கு வேறு வழியே இல்லையா?
– கல்லூரி மாணவி, இராமநாதபுரம்

பதில்: உறுதியாக ஒன்றும் பிடிபடவில்லை. அண்டார்டிகா வானில் பலூனில் பறந்த அனிட்டா என்னும் ரேடியோ ஆன்டெனாக் கருவி 2006 முதல் 2016 வரை நான்கு முறை தேடியது. கிரீன்லாந்துப் பனியில் 2021 முதல் ஆன்டெனாக்களை நிறுவி வருகிறார்கள். இத்தகைய நியூட்ரினோக்கள் மிக மிக அரிதாகவே மோதுவதால், பல கன கிலோமீட்டர் பனியை ஒரே நேரத்தில் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

கடலுக்கு வழி உண்டு; அது ஒலி. துகள்கொத்து பாயும் இடத்தில் நீர் நொடிப்பொழுதில் மிக நுண்ணிய அளவு சூடேறி விரிவதால் ஒரு மெல்லிய அழுத்த அலை எழும் என்பதையும் 1957-இலேயே சொன்னவர் அஸ்கார்யன்தான். எக்கோ சவுண்டர் வைத்து மீன் தேடுபவர்களுக்குத் தெரியும், ஒலி கடல்நீரில் நெடுந்தொலைவு போகும். பஹாமாஸ் அருகே அமெரிக்கக் கடற்படை பதித்திருந்த நீரடி ஒலிவாங்கிகளைக் கொண்டு இத்தேடலைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அலையும் இறாலும் படகின் எஞ்சினும் எழுப்பும் ஓசைக்கிடையே அந்தச் சிறு ஒலியைப் பிரித்தறிவதே அங்குள்ள பெரும் சிக்கல்.