ஜாங்கோவில் சொந்த லாகின் முறை எழுதுவது எப்படி? பழைய எம்டி5 பாஸ்வேர்டுகளை என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பழைய பிஎச்பி அப்ளிகேஷனை ஜாங்கோவுக்கு (பைத்தான் மொழியில் இணைய அப்ளிகேஷன் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) மாற்றுகிறீர்கள். 4,000 ஊழியர்கள். ஊழியர் எண் அல்லது மொபைல் எண், இரண்டில் எதைக் கொடுத்தாலும் உள்ளே போக வேண்டும். பழைய பாஸ்வேர்டுகள் எம்டி5 ஹாஷாக (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கும், இன்று பாதுகாப்பில்லாத பழைய வகைக் குறியீடு) இருக்கின்றன, எல்லோரையும் புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட இதே வேலையை நான் செய்திருக்கிறேன், அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

‘வந்திருப்பவர் யார்’ என்று கண்டுபிடிக்கும் பகுதியை மட்டும் நீங்கள் எழுதுங்கள். பாஸ்வேர்டு சரிபார்ப்பு, செஷன், அனுமதிகள் எல்லாவற்றையும் ஜாங்கோவிடமே விட்டுவிடுங்கள்.

முதல் மைக்ரேஷன் (டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கும் படி) ஓட்டுவதற்கு முன்பே, ஜாங்கோ தரும் ஆப்ஸ்ட்ராக்ட்யூசர் கிளாஸிலிருந்து உங்களுக்கென்று ஒரு யூசர் மாடல் உருவாக்கிவிடுங்கள். இப்போதைக்கு மொபைல் எண் மட்டும்தான் கூடுதல் என்றாலும் பரவாயில்லை. டேபிள்கள் உருவான பிறகு யூசர் மாடலை மாற்றுவது பெரிய தலைவலி. ஊழியர் எண்ணுக்குத் தனி ஃபீல்ட் வேண்டாம், இருக்கிற யூசர்நேம் ஃபீல்டிலேயே வையுங்கள். அந்த ஃபீல்டைத் தூக்கிவிட்டால் யூசர்களை உருவாக்கும் மேனேஜர் கிளாஸையும் புதிதாக எழுத வேண்டிவரும்.

மொபைல் எண்ணுக்காகத்தான் தனி பேக்எண்ட் (வந்திருப்பவர் யார் என்று கண்டுபிடிக்கும் கிளாஸ்) தேவைப்படுகிறது. அதை ஜாங்கோவின் வழக்கமான மாடல்பேக்எண்டிலிருந்தே நீட்டி, ஆதென்டிகேட் மெத்தடை மட்டும் மாற்றுங்கள். ஊழியர் எண்ணிலோ மொபைல் எண்ணிலோ ஆளைத் தேடுங்கள். கிடைத்தால் பாஸ்வேர்டு சரியா என்று பார்க்க செக்_பாஸ்வேர்டு, அதோடு கணக்கு முடக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க யூசர்_கேன்_ஆதென்டிகேட். இரண்டும் சரியென்றால் யூசரைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் நன் (பைத்தானில் ‘எதுவும் இல்லை’). செட்டிங்ஸில் இந்த பேக்எண்ட் மட்டும் இருக்கட்டும். மாடல்பேக்எண்டையும் பட்டியலில் விட்டுவைத்தால், உங்களுடையது ‘இல்லை’ என்று சொன்னதும் ஜாங்கோ அதையும் கேட்டுப் பார்க்கும்.

யூசர்_கேன்_ஆதென்டிகேட் என்ற அந்த இரண்டாவது சோதனையை நான் விட்டுவிட்டேன். மாடல்பேக்எண்டைத் தொடாமல் முழுவதையும் நானே எழுதியிருந்தேன். வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை நிர்வாகம் முறையாக முடக்கியிருந்தது, ஆனாலும் மொபைல் ஆப் வழியாக அவர் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். ஜாங்கோவின் லாகின் படிவம் முடக்கிய கணக்கைத் தானே தடுத்துவிடும் என்பதால் இணையப் பக்கத்தில் சோதித்தபோது இது தெரியவில்லை. ஆப்பின் ஏபிஐ ஆதென்டிகேட்டை நேரடியாக அழைத்தது. அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

தேடிய எண் இல்லையென்றால் உடனே நன் கொடுத்துவிடாதீர்கள். வந்த பாஸ்வேர்டை ஒரு வெற்று யூசரின் செட்_பாஸ்வேர்டுக்கு ஒருமுறை அனுப்பிவிட்டுக் கொடுங்கள். இல்லாத எண்ணுக்குச் சட்டென்றும், இருக்கும் எண்ணுக்குச் சற்றுத் தாமதமாகவும் பதில் வந்தால், எந்த எண்கள் உண்மையானவை என்று வெளியாள் கணித்துவிடலாம். ஊழியர் எண்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் இது நிஜமான ஆபத்து.

மொபைல் எண் ஃபீல்டை யூனிக் (ஒரே எண் இருவருக்கு வராதபடி) ஆக்குங்கள், எண் இல்லாதவர்களுக்கு நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வையுங்கள். பழைய டேட்டாவை ஒருமுறை துழாவிப் பாருங்கள். எங்களிடம் ஒரு கிளர்க்கின் எண்ணே பதினோரு பேர் பெயரில் இருந்தது.

சரி, எம்டி5. ஒவ்வொரு பழைய ஹாஷையும் ஒரு பாஸ்வேர்டு போலக் கருதி, அதன்மேல் ஜாங்கோவின் வழக்கமான பிபிகேடிஎஃப்2 ஹாஷ் போடுங்கள். இதற்கு பிபிகேடிஎஃப்2பாஸ்வேர்டுஹேஷரிலிருந்து ஒரு சின்ன கிளாஸ் எழுதி, அதற்கென்று தனி அல்காரிதம் பெயர் வையுங்கள். லாகின் நேரத்தில் அது முதலில் எம்டி5 எடுக்கும், பிறகு வழக்கமான வேலையைச் செய்யும். பாஸ்வேர்டு ஹேஷர்கள் பட்டியலில் வழக்கமானது முதலிலும் இது இரண்டாவதாகவும் இருக்கட்டும். ஒருவர் சரியான பாஸ்வேர்டோடு வந்தவுடன் ஜாங்கோ தானாகவே அவருடையதை முதல் வகைக்கு மாற்றிவிடும். ஊழியர்களுக்கு எதுவும் தெரியவே தெரியாது.

பழைய ஹாஷ்களை இப்படி மாற்றும் டேட்டா மைக்ரேஷனுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு ஹாஷுக்கு பிபிகேடிஎஃப்2 திரும்பத் திரும்பக் கணக்கிடும் சுற்றுகள் ஜாங்கோ 4.2-ல் 6,00,000, 5.2-ல் 10,00,000. ஒரு கணக்குக்கு அரை நொடி என்றாலும் உங்களுக்கு அரை மணி நேரம் தாண்டும். அப்புறம், ஹாஷில் இருப்பது சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்று பாருங்கள். எங்கள் பழைய டேபிளில் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. பைத்தான் சிறிய எழுத்தில் கொடுக்கும். ஒருவர்கூட உள்ளே போக முடியாமல் ஒரு மாலை முழுவதும் தேடி, கடைசியில் இரண்டு ஹாஷையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

உள்ளே விட்ட பிறகு செஷனில் யூசர் ஐடியை நீங்களே எழுதாதீர்கள். லாகின் ஃபங்ஷனை அழைத்தால் செஷன் சாவியை அதுவே புதுப்பிக்கும். திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்டு அடிப்பவரை ஜாங்கோ தானாகத் தடுக்காது, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆறு மாதம் கழித்து, பழைய அல்காரிதம் பெயரோடு இன்னும் எத்தனை கணக்குகள் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஒருமுறைகூட உள்ளே வராதவர்கள். அவர்களுக்கு செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்டு (எந்த பாஸ்வேர்டும் செல்லாதபடி ஆக்குவது) போட்டுவிடலாம். ஆனால் அப்படிப் போட்டவர்களுக்கு ஜாங்கோவின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ மின்னஞ்சல் போகாது. பின்னால் யாராவது திரும்பி வந்தால் நிர்வாகிதான் புது பாஸ்வேர்டு வைத்துத் தர வேண்டும், அதை நிர்வாகியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.