சோலார் வாங்கும் முன் உங்கள் வீட்டின் இரவை அளந்து பாருங்கள்

கேள்வி: திருகோணமலை அன்புவழிபுரத்தில் வசிக்கிறோம். வீட்டில் நான்கு பேர். மாதம் 330 அலகு வரை மின்சாரம் போகிறது. ஒரு குளிர்சாதனப் பெட்டி, மூன்று ஃபேன், தண்ணீர் மோட்டர், இரவில் மட்டும் போடுகிற ஓர் ஏசி. வீட்டின் முன்பாதி கொங்கிறீற் கூரை, பின்பாதி அஸ்பெஸ்டோஸ் சீட். மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். மாரியில் கரண்ட் போனால் படிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் தம்பி சோலார் போடப் பணம் தருகிறேன் என்கிறான். இரண்டு கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். ஒன்று 5 கிலோவாட், பற்றரி இல்லை. மற்றது அதே 5 கிலோவாட், 10 அலகு பற்றரியுடன். விலையில் பெரிய வித்தியாசம். எதை எடுப்பது? பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

பதில்: உங்களுக்கு இரண்டு தேவைகள் இருக்கின்றன. மாத பில் குறைய வேண்டும், கரண்ட் நிற்கும்போது வீட்டில் வெளிச்சம் இருக்க வேண்டும். கூரையில் பனல் ஏறிவிட்டால் இரண்டும் தானாக நடந்துவிடும் என்றுதான் அநேகம் பேர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அரசு சொன்னது. அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்களில் பலர் கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள். "வெயில் இந்தக் கொளுத்துக் கொளுத்துது, எங்கட வீட்டில மட்டும் ஏன் கரண்ட் இல்லை?" என்று கேட்டார்கள். அவர்கள் வீட்டில் இருந்தவை பற்றரி இல்லாத ஒன்-கிரிட் இன்வேர்ட்டர்கள். இந்த வகை இன்வேர்ட்டர் கம்பத்து மின்சாரம் இருந்தால்தான் ஓடும். அது நின்றதும் ஒரு சில நொடிக்குள் தானும் நின்றுவிடும். இது பழுது அல்ல. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஊழியரின் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆகவே உங்கள் முதலாவது கொட்டேஷன் பில்லைக் குறைக்கும், மகளின் மேசை விளக்குக்கு உதவாது.

அப்படியென்றால் பற்றரி உள்ளதை எடுத்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். சோலார் வீட்டுக்கு பில் போடுகிற முறைகளில் நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங் என்று இரண்டு உண்டு. இரண்டிலும் பகலில் நீங்கள் வெளியே அனுப்பிய அலகும் இரவில் உள்ளே எடுத்த அலகும் ஒன்றுக்கொன்று கழிபடும். மிஞ்சியதை நெட் மீட்டரிங்கில் அடுத்த மாதக் கணக்கில் சேர்ப்பார்கள், நெட் அக்கவுண்டிங்கில் அதற்குக் காசு தருவார்கள். கணக்கு இப்படி இருக்கும்வரை கம்பத்து மின்சாரத்தின் வலையமைப்பே உங்களுக்குச் செலவில்லாத பற்றரி. தனியாக ஒரு பற்றரி வாங்கினால் பில் மேலும் குறையும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஏற்பாட்டில் பற்றரி என்பது கரண்ட் நிற்கும் நேரத்துக்காக வாங்குவது. அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வேண்டுமோ அந்த அளவுக்கு வாங்கினால் போதும்.

அதனால்தான் இரவை அளக்கச் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்கு மின்மானியைப் பார்த்து எழுதுங்கள், காலை ஆறு மணிக்கு மறுபடி எழுதுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தால் எந்தக் கொட்டேஷனிலும் இல்லாத விவரம் உங்கள் கையில் இருக்கும். அதுவரை நீங்கள் எழுதியதை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு அலகு. சாதாரண கூரை ஃபேன் ஒன்று 70 வாட் எடுக்கும். மூன்று ஃபேன் பத்து மணி நேரம் சுற்றினால் 2.1 அலகு. குளிர்சாதனப் பெட்டி இரவுக்கு 0.6 அளவில். ஆறு எல்இடி பல்ப், ரவுட்டர், கொஞ்ச நேரம் தொலைக்காட்சி எல்லாம் சேர்த்தும் 0.7ஐத் தாண்டாது. மொத்தம் ஏறக்குறைய மூன்றரை அலகு. இதற்கு மேல் ஏசி மட்டும் தனியாக எட்டு மணி நேரத்தில் 5 அலகு குடிக்கும். வீட்டின் மற்ற எல்லாவற்றையும்விட அது அதிகம்.

இப்போது பற்றரிக்கு வருவோம். 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் ஒரு லித்தியம் பற்றரியின் கொள்ளளவு 5.12 அலகு. அதில் 90 சதவீதம் வரை பாவிக்கலாம், இன்வேர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது 4.2 முதல் 4.4 அலகு. ஏசி இல்லாத உங்கள் இரவு அதற்குள் அடங்கிவிடுகிறது, விடியும் மட்டும் தாங்கும். ஏசியையும் அதில் மாட்டினால் நள்ளிரவு தாண்டி ஒன்றிரண்டு மணிக்குள் வீடு இருண்டுவிடும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டீர்கள். அதில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மணிக்கணக்கு.

என் யோசனை இது. 5 அலகு பற்றரி ஒன்று போதும். பிறகு இன்னொன்றைச் சேர்க்கக்கூடிய ரகமாக எடுங்கள். ஏசியைப் பற்றரிப் பக்கம் கொண்டுவராதீர்கள். கரண்ட் நிற்கிற இரவுகளில் ஃபேனோடு படுத்துக்கொள்ளலாம். மீதமாகும் பணத்தில் மூன்று ஃபேனையும் 30 வாட் அளவில் ஓடுகிற பிஎல்டிசி ரகத்துக்கு மாற்றுங்கள். இரவுக் கணக்கில் ஒரு அலகுக்கு மேல் குறையும். அதுவும் பற்றரியைப் பெருப்பித்தது போலத்தான், செலவோ மிகக் குறைவு.

பனல் எவ்வளவு? நம் பக்கத்தில் 1 கிலோவாட் பனல் ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றரை முதல் நான்கு அலகு தரும். உங்கள் 330 அலகு என்பது நாளொன்றுக்கு 11. 550 வாட் பனல் ஆறு, அதாவது 3.3 கிலோவாட், பன்னிரண்டு அலகு அளவில் தரும். வருடக் கணக்கில் உங்கள் பாவனைக்கு அது சரியாக வரும். இப்படி ஆறு பனலுக்கு ஏறக்குறைய 170 சதுர அடி இடம் வேண்டும். மின்சார வாகனம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒழிய 5 கிலோவாட் தேவையில்லை. ஆனால் இன்வேர்ட்டரை 5 கிலோவாட் ஹைபிரிட்டாகவே, அதாவது பனல், பற்றரி, கம்பத்து மின்சாரம் மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற ரகமாகவே எடுங்கள். நாளைக்குப் பனல் கூட்டலாம் என்பதோடு, தண்ணீர் மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், சிறிய இன்வேர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிடும். எப்படியும் மோட்டரைப் பகலிலேயே போட்டுத் தாங்கியை நிரப்பிக்கொள்வது நல்ல பழக்கம்.

மாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும்போது இந்த ஆறு பனலும் சேர்ந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு அலகுதான் தரும். மழையும் காற்றும் வந்து கரண்ட் போவதும் அதே நாட்களில்தான். ஹைபிரிட் இன்வேர்ட்டரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பற்றரியில் எத்தனை சதவீதத்தை எப்போதும் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று அமைக்கலாம், கம்பத்து மின்சாரத்தாலும் அதை நிரப்பலாம். ஐப்பசி பிறந்ததும் கையிருப்பை 80 சதவீதத்துக்கு உயர்த்திவிடுங்கள், மாசிக்குப் பிறகு 30க்கு இறக்குங்கள். பொருத்த வருகிறவரிடம் இதை எப்படி மாற்றுவது என்று கேட்டு, மகளையும் பக்கத்தில் நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பொருத்திய நாளில் வைத்த அமைப்பை யாரும் தொடுவதே இல்லை. அடை மழையன்று பற்றரி வெறுமையாக இருக்கிறது என்று வந்த பல முறைப்பாடுகளுக்கு அதுதான் காரணம்.

அடுத்தது உப்பு. திருகோணமலையில் சோலாரைக் கெடுப்பது பெரும்பாலும் பனல் அல்ல, அதைத் தாங்குகிற சட்டமும் ஆணியும்தான். உப்புவெளியில் என் சொந்த வீட்டில் முதன்முதலில் போட்டபோது இதை நான் கவனிக்காமல் விட்டேன். பொருத்தியவர்கள் அலுமினியச் சட்டத்தைச் சாதாரண நாகமுலாம் பூசிய போல்ட்டால் இறுக்கிவிட்டுப் போனார்கள். மூன்றாவது வருடம் துப்புரவு செய்ய ஏறியபோது ஒரு நட்டு என் விரலிலேயே உதிர்ந்தது. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வேகமாக நடக்கும். எல்லாப் பனலையும் இறக்கித் திரும்பப் போட வேண்டியதாயிற்று. அதனால் கேட்டுக்கொள்கிறேன், கொட்டேஷனில் இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்: அனோடைஸ் செய்த (அரிக்காதபடி மேற்பரப்பைப் பதப்படுத்திய) அலுமினியச் சட்டம், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட், ஐஇசி 61701 என்ற உப்பு மூட்டச் சோதனையில் தேறிய பனல். இன்வேர்ட்டர் தூசும் மழையும் புகாத ஐபி 65 தரமாக இருந்தாலும் கடல்காற்று நேரே அடிக்கிற சுவரில் மாட்ட வேண்டாம்.

பனல்களை முன்பாதிக் கொங்கிறீற் கூரையில் வையுங்கள். அஸ்பெஸ்டோஸ் சீட்டில் ஏறி மிதித்தால் வெடிக்கும், துளையிட்டால் ஒழுகும், அந்தத் தூசு நெஞ்சுக்கும் கூடாது. நாம் 8.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறோம், தெற்கே பார்த்து 10 பாகை சரிவு போதும். அதிகம் நிமிர்த்தினால் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. சட்டத்தின் கால்களைக் கொங்கிறீற்றில் ஆணியடித்து இறுக்கி, சுற்றி நீர்க்காப்பும் பூசச் சொல்லுங்கள். கல்லைப் பாரமாக வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். பனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்று ஓட அரை அடியாவது இடைவெளி வேண்டும், சூடு ஏறினால் உற்பத்தி குறையும். வெயிலில் பனல் 65 பாகை வரை சூடானால் பழைய பேர்க் ரகம் 14 சதவீதமும் புதிய டொப்கொன் ரகம் 12 சதவீதமும் இழக்கும். இந்த வித்தியாசத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். பக்கத்து வளவுத் தென்னையின் நிழல் விழுகிறதா என்பது இதைவிட முக்கியம். ஒரு பனலில் விழுகிற நிழல் அதோடு தொடுத்த மற்றவற்றையும் இழுத்துவிடும். காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்றரைக்கும் மேலே ஏறி ஒருமுறை பாருங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி படியும். மாதம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள், இல்லாவிட்டால் கழுவிய இடத்தில் உப்புத்தான் காயும்.

பற்றரி ரகத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, லித்தியம் இரும்பு பொஸ்பேட்தான். ஈயப் பற்றரி விலை குறைவு, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும், நம் வெக்கையில் மூன்று நான்கு வருடத்தில் களைத்துவிடும். லித்தியம் வாங்கும்போது இரண்டு விசயம் பாருங்கள். உற்பத்தித் திகதியும் தொடரிலக்கமும் பெட்டியில் இருக்க வேண்டும், பழைய வாகனச் செல்களைப் புதுப் பெட்டியில் போட்டு விற்பவர்களும் உண்டு. அப்புறம், இன்வேர்ட்டர் நிறுவனத்தின் பொருந்தும் பற்றரிப் பட்டியலில் அந்த மாதிரி இருக்க வேண்டும். இரண்டும் கேபிள் வழியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் சார்ஜ் கணக்கு பிழைக்கும். படுக்கையறையிலும் தகரக் கொட்டிலிலும் வைக்க வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள வடக்குச் சுவரில், மாரி வெள்ளம் எட்டாதபடி தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் மாட்டுங்கள்.

முற்பணம் கொடுக்க முன், உங்கள் தெரு மின்மாற்றியில் இன்னொரு சோலார் இணைப்புக்கு இடமிருக்கிறதா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் விசாரியுங்கள். அனுமதி கிடைக்காமல் பனலை மட்டும் ஏற்றிவிட்டு இருப்பவர்களை எனக்குத் தெரியும். வெளியே அனுப்புகிற அலகுக்கான விலை ஒப்பந்தம் போடும் காலத்தைப் பொறுத்தது. அண்டை வீட்டாருக்குக் கிடைத்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நிறுவனம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்ததா, பழுது வந்தால் திருகோணமலையிலேயே ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். 25 வருட உத்தரவாதம் பனலின் உற்பத்திக்குத்தான். இன்வேர்ட்டருக்கும் பற்றரிக்கும் எத்தனை வருடம் என்பதைத் தனித்தனியே எழுதித் தர வேண்டும். நல்ல எர்த், மின்னல் எழுச்சியைத் தடுக்கும் கருவி இரண்டும் விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

கடைசித் தவணையாகப் பத்து சதவீதமாவது கையில் வைத்திருங்கள். வேலை முடிந்த அன்று, இருட்டிய பிறகு, பொருத்தியவரை வைத்துக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்குங்கள். ஃபேன் நிற்காமல் சுற்ற வேண்டும், ரவுட்டர் அணைந்து எரியக் கூடாது, குளிர்சாதனப் பெட்டி ஓட வேண்டும், ஏசி மட்டும் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பற்றரி எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.